சனிக்கிழமை மாலை விருந்துக்கு என்ன உடுத்துவது? அவசரம்

செங்காங் புதுவரவு
வணக்கம். சிங்கப்பூர் வந்து ஏழு வாரம் ஆகிறது. வரும் சனிக்கிழமை மாலை ஒரு பெரிய ஹோட்டலில் விருந்து, கண்டிப்பாகப் போக வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எனக்கு மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. புடவை கட்டலாமா, கட்டினால் நான் மட்டும் தனியாகத் தெரிவேனா, கவுன் என்றால் என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது, இதுவரை போட்டதும் இல்லை. இவரைக் கேட்டால் "எதையாவது கட்டிக்கோ, நல்லாத்தான் இருக்கும்" என்கிறார். நேற்று ஒரு கடைத்தொகுதியில் இரண்டு மணி நேரம் சுற்றினேன். எல்லாம் கையில்லாத உடுப்பாகவே தொங்கியது. ஒன்றையும் தொடாமல் திரும்பி வந்து அழுதுவிட்டேன். அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

பிடோக் வாசி
தங்கச்சி, முதலில் ஒன்று, சிவப்பு வேண்டாம். சீனர் கல்யாண விருந்தில் சிவப்பு மணப்பெண்ணுக்கு உரியது. முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் துக்கத்தின் நிறம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். மொய்ப்பணம் வைக்கும் அங்பாவ் என்ற சிவப்பு உறையில் நம் ஊர் வழக்கப்படி 101, 501 என்று வைத்துவிடாதே, இங்கே இரட்டைப்படைதான் நல்லது, அதிலும் 4 வரக்கூடாது. அட்டையில் 7 மணி என்று இருந்தால் சாப்பாடு மேசைக்கு வர 8, 8.30 ஆகிவிடும். வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே போ.

உட்லண்ட்ஸ் அம்மா
கல்யாணம் என்று அவர் சொல்லவே இல்லையே. நான் சொல்வதைக் கேளும்மா, புடவை வேண்டவே வேண்டாம். 2013ல் நான் வந்த மூன்றாவது மாதம் இதே மாதிரி ஒரு ஹோட்டல் விருந்து. என் கல்யாணத்துக்கு எடுத்த மயில் கழுத்து நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசை, நடுவில் சுழலும் தட்டு. முழு மீன் சுற்றி வந்தபோது எட்டி எடுத்தேன், முந்தானை ஒரு சாண் சோயா சாற்றில் நனைந்துவிட்டது. கழிவறைக்கு ஓடிப்போய்த் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கரையின் அரக்குச் சாயம் உடல் பகுதிக்கு இறங்கி, இன்றைக்கும் அந்தக் கறை அப்படியே இருக்கிறது. குளிர் வேறு, பல் கிட்டித்துவிட்டது. ஒரு நல்ல நீளக் கவுன் வாங்கிக்கொள், எல்லோரும் அதைத்தான் போடுவார்கள்.

தோ பாயோ அக்கா
எல்லோரும் கவுன்தான் போடுவார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் இங்கே பிறந்து வளர்ந்தவள், என் அம்மா முப்பது வருடம் அலுவலக விருந்துகளுக்குப் புடவையில்தான் போனார், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சீனப் பெண்கள் சியோங்சாம் என்ற அவர்கள் நீள உடுப்பில் வருவார்கள், மலாய்ப் பெண்கள் கபாயா என்ற அவர்கள் மேல்சட்டையில் வருவார்கள். 2024ல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்த்த அதே கபாயாதான். நம் பெண்கள் புடவையில் வருவதும் அப்படித்தான். பல அழைப்பிதழ்களில் தேசிய உடை என்றே போட்டிருக்கும், அதில் புடவையும் அடக்கம். ஊரிலிருந்து வந்தவர்கள்தான் புடவை கட்டினால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள்.

ஜூரோங் ராகி
அழுதேன் என்று படித்ததும் என் முதல் வருடம் ஞாபகம் வந்துவிட்டது. நான் 2021 ஜூனில் வந்தேன். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், மே 1 முதல், டிபியில், அதாவது இங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்கான அனுமதியில், இருப்பவர்கள் வேலை பார்க்கத் தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும் என்று விதி மாறியிருந்தது. முன்பு போல இசைவுக் கடிதத்தோடு வேலைக்குப் போக முடியாது. ஊரில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள், இங்கே வீட்டில் உட்கார்ந்து மின்தூக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு விருந்துக்குப் போனால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்பதுதான். உடையைவிட அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன்.

யீஷூன் வாடகைக்காரர்
டிபி கதை இருக்கட்டும், வீடு தேடிய கதையைக் கேளுங்கள். விளம்பரத்திலேயே இந்தியர் வேண்டாம், சமையல் கூடாது என்று போட்டிருப்பார்கள். காலி செய்தபோது ஒரு உரிமையாளர் முன்பணத்தில் பாதியைத் தரவில்லை, சுவரில் தாளிப்பு வாசனை இருக்கிறதாம். நான்கு சுவரையும் நானே சோப்புத் தண்ணீர் வைத்துத் துடைத்துக் கொடுத்திருந்தேன்.

ஜூரோங் ராகி
எங்களுக்கும் அப்படித்தான். குளிர்சாதனத்தைச் சுத்தம் செய்த ரசீது ஒன்று குறைகிறது என்று 300 டாலர் பிடித்தார்கள்.

தேக்கா தையல்
வாடகைப் பேச்சை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாமே, அந்தப் பெண்ணுக்கு நாலு நாள்தான் இருக்கிறது. செங்காங் தங்கச்சி, மூன்று விஷயம் சொல்லு. யார் தரும் விருந்து? அட்டையில் உடை பற்றி என்ன எழுதியிருக்கிறது? உன் பெட்டியில் என்னென்ன இருக்கிறது?

செங்காங் புதுவரவு
மன்னிக்கவும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கல்யாணம் இல்லை, இவருடைய கம்பெனியின் ஆண்டு விருந்து. அட்டையில் "லவுஞ்ச் சூட்" என்று மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பெண்களும் சூட் போட வேண்டுமோ என்று பயந்துவிட்டேன். 30 கிலோதான் பெட்டி என்பதால் மூன்று புடவைதான் கொண்டுவந்தேன். ஒன்று கல்யாணக் காஞ்சிபுரம், ஒன்று காட்டன், ஒன்று மாமியார் கொடுத்த மென்பட்டு, கத்தரிப்பூ நிறம், கரை சின்னது. அது பிடிக்கும், ஆனால் பிள்ளை பிறந்த பிறகு ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது.

தேக்கா தையல்
சரி, இப்போது விளங்கிவிட்டது. லவுஞ்ச் சூட் என்பது ஆண்களுக்குச் சொல்வது, உன் வீட்டுக்காரர் கோட்டு, டை கட்டினால் போதும் என்று அர்த்தம். பெண்களுக்கு அதே அளவில் முழங்கால் மறைக்கிற நல்ல உடுப்பு, அல்லது புடவை. தரை தொடும் கவுனெல்லாம் "பிளாக் டை" என்று போட்டிருந்தால்தான். ஆகவே நீ ஒன்றும் வாங்க வேண்டாம், அந்தக் கத்தரிப்பூ மென்பட்டுதான்.

ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பார். ஊர்த் தையல்காரர்கள் பக்கத்தில் இரண்டு மூன்று தையல் வரிசையாகப் போட்டுத் துணி விட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் உள் தையல் ஒன்றைப் பிரித்தால் ஒரு அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். பிரித்த கோடு தெரிந்தால் பின்பக்கமாக இஸ்திரி போடு. போதவில்லை என்றால் நாளைக்கே லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா நிலையத்து மாடிக்கு எடுத்து வா, அங்கே தையல் கடைகள் இருக்கின்றன, வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காதே.

உட்லண்ட்ஸ் அம்மா சொன்ன மேசை விஷயம் உண்மைதான். முந்தானையைத் தொங்கவிடாமல் மடிப்பு எடுத்துத் தோளில் குத்து. ஊக்கில் முதலில் ஒரு பாசிமணியைக் கோத்துவிட்டுக் குத்தினால் பட்டு கிழியாது. எட்டி எடுக்கவும் வேண்டாம், தட்டு தானாகச் சுற்றி வரும். ஹோட்டல் கூடத்தில் ஏசி கடுமையாக இருக்கும், பையில் ஒரு மெல்லிய சால்வை வை. பூ வைக்க ஆசை இருந்தால் தேக்காவுக்குப் பக்கத்துக் கேம்பல் லேனில் மல்லிகை கிடைக்கும், ஒரு முழம் போதும்.

நீ சைவமா? சைவம் என்றால் இன்றைக்கே ஏற்பாடு செய்பவர்களிடம் சொல்லச் சொல். அங்கே போய்ச் சொன்னால் தனியாகச் சமைத்து வர ரொம்ப நேரமாகும். திரும்பும்போது நள்ளிரவைத் தாண்டினால் டாக்சியில் மீட்டருக்கு மேல் 50 விழுக்காடு கூடும், 11.30க்கே கிளம்பிவிடுங்கள்.

தோ பாயோ அக்கா
நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன் தங்கச்சி, மனசில் வைக்காதே. கத்தரிப்பூ நிறம் விளக்கு வெளிச்சத்தில் அழகாக இருக்கும்.

செங்காங் புதுவரவு
அக்கா, இரண்டு தையல் பிரித்தேன், கொக்கி சரியாக மாட்டுகிறது! சைவம்தான், இவர் இப்போதே அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். கடைசியாக ஒன்று. காலுக்கு உயரச் செருப்பு போடலாமா? போட்டுப் பார்த்தேன், புடவை கணுக்கால்வரை ஏறித் தெரிகிறது.

தேக்கா தையல்
செருப்பைப் போட்டுக்கொண்டு புடவையைக் கட்டு. கொசுவம் செருகும்போது நுனி தரையை மட்டும் தொட்டால் சரி. நாளைக்கு ஒருமுறை வீட்டில் கட்டி, அரை மணி நேரம் நடந்து பார்.