லைக்கன் ஸ்கிலரோசஸ் (பெண்ணுறுப்பின் வெளித்தோல் வெளுத்துச் சுருங்கும் நாள்பட்ட அழற்சி நோய்): நீங்கள் பார்த்த கேஸ்

மண்டபம் சிஸ்டர்:
கடல்பாசி எடுக்கிற ஒரு அக்கா. சீட்டுல நோய் பேரு எழுதி மூணு வருஷம் ஆச்சு. மருந்து போடுறீங்களான்னு கேட்டதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து டியூபை எடுத்தாங்க. 30 கிராம் க்ளோபிட்டசால், வீரியமான ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட். உப்புக்காத்துல எழுத்தே அழிஞ்சு போச்சு, ஆனா பாதி மருந்து அப்படியே இருக்கு. அரிச்சா மட்டும் தீக்குச்சி முனையில தொட்டு வைப்பாங்களாம். உள்ளுதடு ரெண்டும் ஒட்டி மறைஞ்சு, தோல் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கு. "இப்ப அரிப்பே இல்ல சிஸ்டர்"ங்கிறாங்க. அந்த டியூப்தான் கண்ணை விட்டுப் போகல. அரிப்பு அடங்கினாலும் அழற்சி அடங்கிருக்காது, புற்று வர்றது அதுலதான்.

கீழக்கரை மருந்தாளுநர்:
தீக்குச்சி அளவுன்னாலும் அது சரியான மருந்து. இங்க ஒரு லாத்தாவுக்கு டாக்டர் எழுதினதும் அதேதான். மறுநாளே சீல் உடைக்காம டியூப் திரும்பி வந்துச்சு. உள்ள இருந்த தாள்ல 'பிறப்புறுப்பில் போடக்கூடாது'ன்னு போட்டிருக்குன்னு மகன் வாசிச்சுட்டானாம். அதுக்குப் பதிலா படைக்குப் போடுற கலவை கிரீம் கேட்டாங்க. கிரீம்ல இருக்கிற பதப்பொருள் வெடிப்புல பட்டா எரியும், எரிஞ்சா யாரும் தொடர மாட்டாங்க. ஆயின்ட்மென்ட்தான் வேணும்.

ராம்நாடு தோல் பிரிவு:
சிஸ்டர், எழுதியிருக்கிறதைப் படிச்சா எல்லாருக்கும் புற்று வரும்னு பயப்படுவாங்க. மருந்தே போடாம விட்டாலும் 100 பேர்ல 5 பேருக்குக் கீழதான். 2015-ல வெளியான ஆஸ்திரேலிய ஆய்வுல 507 பெண்கள். ஒழுங்காப் போட்ட 357 பேர்ல புற்றோ அதுக்கு முந்தின நிலையோ யாருக்குமே வரல. விட்டு விட்டுப் போட்ட 150 பேர்ல 7 பேருக்கு வந்துச்சு. பயமுறுத்துறதை விட அளவைச் சொல்லிக் கொடுங்க. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினா அரை கிராம், அதுதான் ஒரு ராத்திரிக்கு. முதல் 4 வாரம் தினம் ராத்திரி, அடுத்த 4 வாரம் ஒண்ணுவிட்டு ஒரு ராத்திரி, அதுக்கப்புறம் 4 வாரம் வாரத்துக்கு ரெண்டு தடவை. 50 ராத்திரிக்கு 25 கிராம். மூணு மாசத்துல 30 கிராம் டியூப் கிட்டத்தட்ட தீரலைன்னா அளவு குறையுதுன்னு அர்த்தம். பிறகும் நிறுத்தக் கூடாது, வாரம் ஒண்ணு ரெண்டு தடவை தொடரணும். வெளுத்த இடத்துல மட்டும் தடவணும், கண்ணாடி வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. சோப்பும் டெட்டாலும் வேண்டாம். கடலுக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி வாசலின், கரையேறினதும் ஈர பேன்ட்டை மாத்தணும். உரசலும் ஈரமும் நோயைக் கிளப்பும்.

தொண்டி கிராம செவிலியர்:
அளவெல்லாம் சரி சார். ஆனா பாக்கிறதே இல்லையே! கர்ப்பப்பை வாய்ப் புற்று முகாம்ல உள்ள பாக்கிற கருவி, ஸ்பெகுலம், உள்ள போகுது, வெளியில இருக்கிற தோலை ஒருத்தரும் பாக்கிறதில்ல. உள்ள ரிப்போர்ட் நல்லா வந்த ஒரு அம்மாவுக்கு வெளியில அரிசி மணி அளவு கெட்டி முண்டு, தொட்டா ரத்தம். வெண்குஷ்டம்னு சொல்லி விட்டிருந்தாங்க. வெண்குஷ்டத்துல நிறம் மட்டும்தான் போகும், தோல் சுருங்காது, வெடிக்காது. பயாப்ஸிக்கு (சோதனைக்கு) சதைத்துணுக்கு எடுத்தா புண்ணோட ஓரத்துல எடுக்கணும். நடுவுல எடுத்தா செத்த திசுதான் வரும், ஒண்ணும் தெரியாது. மூணு வாரத்துல ஆறாத புண்ணுன்னா நேரா மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். இந்த நோய்ல வர்ற புற்று, கர்ப்பப்பை வாய்ப் புற்றை உண்டாக்குற எச்பிவி வைரஸால வர்ற வகையும் இல்ல, தடுப்பூசி போட்டாச்சுன்னு விட்டுடாதீங்க.

மண்டபம் சிஸ்டர்:
கரையேறினதும் மாத்தணும்னு சுலபமாச் சொல்லிட்டீங்க சார். மாத்த மறைப்பு எங்க இருக்கு? ரெண்டு பேர் சேலையை விரிச்சுப் பிடிச்சா மூணாவது ஆள் பேன்ட்டை உருவிட்டு நைட்டி மாட்டிக்கலாம், அதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கு. அந்த அக்காவோட புது டியூப்ல பிளாஸ்திரி ஒட்டி, தீர வேண்டிய தேதியும் எழுதியாச்சு.