சாபம் என்று சொல்லிவிட்டால் கொன்ற கணக்கு தீர்ந்துவிடுமா?

மல்லிகா டீச்சர்:
அக்கா மகள் இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டைக்கூடப் பார்க்காமல் ஒரு புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்திருந்தாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று வாங்கிப் படித்தேன். ரெனே அஹ்தியே 2015இல் எழுதிய 'தி ராத் அண்ட் த டான்'. ராஜாவுக்குத் தினம் ஒரு கதை சொல்லி உயிர் தப்பும் ஷஹர்சாத்தின் பழைய ஆயிரத்தொரு இரவுகளைத்தான் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காகத் திருப்பிச் சொல்கிறார். பாரசீகப் பக்கத்துக் குராசானை ஆளும் பதினெட்டு வயது கலீஃபா காலித் தினம் ஒரு பெண்ணை மணக்கிறான், விடிந்ததும் பட்டுக் கயிற்றால் அவள் கதை முடிகிறது. உயிர்த்தோழி ஷிவாவை அப்படிப் பறிகொடுத்த ஷஹர்சாத், பழிவாங்கத் தானே வலியப் போய் மணப்பெண் ஆகிறாள். இதுவரை பிரமாதம். அப்புறம் அவன்மேலேயே காதல் வந்துவிடுகிறது! (மர்மம் உடையக்கூடாது என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள்.) ஏன் கொல்கிறான் என்றால், சாபமாம். முதல் மனைவி தற்கொலை செய்துகொள்ள, அவள் அப்பா விட்ட சாபம்: போன ஓர் உயிருக்கு நூறு உயிர், நிறுத்தினால் ஊருக்கே கேடு. ஆக, பையன் நல்லவன். பழைய கதையின் ராஜா ஷாரியாரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மனைவி துரோகம் செய்தாள் என்ற ஒரே கோபத்தில் மூன்று வருஷம் கொன்றான். அந்தப் பயங்கரம்தான் கதையே. அதைக் கழுவித் துடைத்துவிட்டு, பாவப்பட்ட அழகன் ஒருவனைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது என்ன நியாயம்?

நள்ளிரவு வாசகி:
டீச்சர், பழைய கதை மட்டும் என்ன செய்தது? 1835இல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் வந்த பதிப்பின் முடிவைப் பாருங்கள். ஷஹர்சாத் மூன்று பிள்ளைகளை ராஜா முன்னால் நிறுத்தி உயிர்ப்பிச்சை கேட்கிறாள். அவன் உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன் என்கிறான். அவன் இவளை மன்னிக்கிறான்! மூன்று வருஷமாகச் செத்தவர்களைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது, ஊரே விளக்கேற்றிக் கொண்டாடுகிறது. இந்த நாவலில் குறைந்தது ஒரு ஷிவாவுக்காவது பெயர் இருக்கிறது, அவளுக்காகக் கோபப்பட ஒருத்தி இருக்கிறாள். காலித் ஒவ்வொருத்திக்காகவும் கடிதம் எழுதிச் சேர்த்து வைத்திருக்கிறானே, ஷஹர்சாத் அதைக் கண்டுபிடிக்கும் இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வந்தேன். கழுவித் துடைத்தது யார் என்று இப்போது சொல்லுங்கள்.

பழைய பேப்பர்:
சாபத்தை விடுங்கள், எனக்கு வேறு வயிற்றெரிச்சல். இதை 'வரலாற்று'ப் புனைவு என்கிறார்கள். குராசானுக்கு ஏது கலீஃபா? முஸ்லிம் பேரரசின் தலைவரான கலீஃபா இருந்தது பாக்தாதில். குராசான் அவருக்குக் கீழே ஒரு மாகாணம், ஆளுநர் இருப்பார், பிறகு தாஹிரிகள், சாமானிகள் என்ற வம்சங்களின் அமீர்கள் ஆண்டார்கள். கதையில் தலைநகரம் ரெய். அது இன்றைய தெஹ்ரானை ஒட்டிய ஊர், அந்தக் காலத்துக் கணக்கில் குராசானிலேயே சேராது, ஜிபால் என்ற வேறு பகுதி. சும்மா பெயருக்கு ஓர் ஊரும் இல்லை அது. கலீஃபா ஹாரூன் அல்ரஷீத் பிறந்த ஊர். மருத்துவர் அல்ராஸியின் பெயரே 'ரெய்க்காரர்' என்றுதான் பொருள்படும். 1220இல் மங்கோலியர் வந்து நாசமாக்கும்வரை கொடிகட்டிப் பறந்த ஊர். இவ்வளவு இருக்கும்போது, நாவலில் மாதுளையும் பட்டும் பளிங்குத் தரையுமாக ஒரு நகைக்கடை விளம்பரம்தான் கிடைக்கிறது.

கடைசி பெஞ்ச்:
பறக்கும் கம்பளம் வருகிற கதையில் ராஜாவிடம் ரேஷன் கார்டு கேட்கிறீர்களே சார் 😂 மூலக்கதை மட்டும் வரலாறா? அதில் ஷாரியார் இஸ்லாமுக்கு முந்தைய பாரசீகத்தின் சாசானிய வம்சத்து ராஜா, ஆனால் அவன் கேட்கும் கதைகளில் அந்த வம்சம் ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்த ஹாரூன் அல்ரஷீத் பாக்தாத் தெருவில் மாறுவேஷத்தில் நடக்கிறார். யாரும் கேட்கவில்லை. அலாவுதீன் இன்னும் மோசம். பழைய அரபு ஏடு எதிலும் அந்தக் கதை இல்லை. பிரெஞ்சில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அந்துவான் கலான், 1709இல் பாரிஸில் சந்தித்த ஹன்னா தியாப் என்ற அலெப்போக்காரர் வாயால் கேட்டுச் சேர்த்தது. அதைத்தான் உலகம் முழுக்க 'அராபிய இரவுகள்' என்று படிக்கிறோம். ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டே வந்த புத்தகம். 2015இல் ஒருவர் இரண்டு கைப்பிடி சேர்த்தால் மட்டும் குற்றமா?

பழைய பேப்பர்:
தம்பி, அந்த அடி சரியாகவே விழுந்தது, ஒத்துக்கொள்கிறேன். இன்னும் ஒன்று நானே எடுத்துத் தருகிறேன். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதின் நூற்பட்டியல்காரர் இப்னு அல்நதீம், இந்தக் கதைகளுக்கு மூலம் 'ஹஸார் அஃப்சான்' என்ற பாரசீக நூல் என்று எழுதியிருக்கிறார் (கூடவே அது மட்டமான புத்தகம் என்றும் எழுதியிருக்கிறார், அப்போதும் விமர்சகர்கள் இருந்தார்கள்). அதனால் கதையைப் பாரசீகத்துக்குக் கொண்டுபோனது பிறந்த வீட்டுக்குப் போவது மாதிரிதான். சேர்த்ததில் எனக்குப் புகார் இல்லை, எடுத்ததில்தான். கலான் கையில் இருந்த சிரியா ஏட்டில் ஷஹர்சாத்தின் தங்கை அந்த அறையிலேயே, கட்டிலுக்கு அடியில் படுத்திருப்பாள். நடு இரவில் எழுந்து, தூக்கம் வரவில்லை, ஒரு கதை சொல்லேன் அக்கா என்பாள். ராஜா ஒட்டுக்கேட்கிறவன்தான்! விடியும், அக்கா வாயை மூடுவாள், தங்கை ஆகா என்பாள், உயிரோடு விட்டால் நாளைக்குச் சொல்லப்போவதற்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம் என்பாள் அக்கா. இது இரவுக்கு இரவு, கிட்டத்தட்ட அதே சொற்களில். அந்த ஏடு 282 இரவோடு முடிவே இல்லாமல் நின்றுவிடுகிறது, அதுவும் எனக்குப் பிடிக்கும். இரண்டு பெண்கள் சேர்ந்து போட்ட திட்டம் அது. நாவலில் தங்கையை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். கதை சொல்வதும் சில இரவோடு நின்றுபோகிறது. அப்புறம் வில், அம்பு, முறைப்பு, முத்தம். கதை சொல்லியே பிழைத்தவளிடமிருந்து கதையைப் பிடுங்கிவிட்டு மீதி என்ன வைத்தார்கள்?

நள்ளிரவு வாசகி:
இது எனக்கும் உறுத்தியது. அலாவுதீனெல்லாம் சொல்கிறாள், ஆனால் பாதியில் ஆசிரியருக்கே மறந்துபோன மாதிரி இருக்கும். ஆனால் சாபத்தைப் பற்றி டீச்சர் சொன்னதை இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தன் ஊர் பிழைக்க நூறு பெண்களைக் கொல்லலாமா கூடாதா என்பது ஷாரியாருக்கு வராத கேள்வி, காலித்துக்கு வருகிறது. அவன் செய்தது சரி என்று புத்தகம் எங்கேயும் சொல்லவில்லையே.

மல்லிகா டீச்சர்:
சொல்ல வேண்டியதில்லை அம்மா, அவன் கண்ணை இத்தனை தடவை வர்ணித்தால் போதும். சரி, கடிதத்துக்கு வருகிறேன். அந்த இடம் எனக்கும் தொண்டையை அடைத்தது, மறைப்பானேன். நேற்று அக்கா மகளிடம் பேச்சுக்கொடுத்தேன். இவ்வளவு எழுதி வைத்திருக்கிறானே, பாவம்தானே என்று வேண்டுமென்றே கிண்டினேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே, "ஒன்றைக்கூட அனுப்பவில்லையே சித்தி" என்றாள். அப்படியென்றால் அவனைப் பிடிக்காதா என்றேன். "ரொம்பப் பிடிக்கும். ஆனால் அனுப்பியிருக்க வேண்டும்" என்றாள். பிள்ளைகள் கையில் கொடுப்பது என்ன நியாயம் என்று மேலே எழுதியதை மட்டும் வாபஸ் வாங்குகிறேன். சாபம் சோம்பேறித்தனம் என்பதில் மாற்றமில்லை.

கடைசி பெஞ்ச்:
பாப்பா கெட்டி. டீச்சர், 2016இல் வந்த இரண்டாம் பாகம், 'தி ரோஸ் அண்ட் த டேகர்', அவளிடம் இருக்கிறதா? ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிடுவேன்.

மல்லிகா டீச்சர்:
இருக்கிறது. எனக்கே தரமாட்டேன் என்கிறாள், முதல் பாகத்தில் சாம்பார் பட்டுவிட்டதாம்.