கைக்குழந்தையோட வெளிநாட்டில் முதல் பண்டிகை: புதுசா போறவங்களுக்கு

பெரம்பூரில் எங்க தெருவிலிருந்து ஒரு பொண்ணு அடுத்த மாசம் ஒன்றரை வயசுப் பையனோட ஜெர்மனி கிளம்பறாள். நேத்து மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, "அக்கா, தீபாவளி, பொங்கலெல்லாம் அங்க எப்படிக்கா பண்ணீங்க? இவனுக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசியும் பாதி விட்டுப்போச்சு. அவளுக்காகவும், இப்பதான் போய் இறங்கியிருக்கிற மற்றவங்களுக்காகவும் உட்கார்ந்து எழுதறேன்.

நாங்க ஸ்டுட்கார்ட்டில் இருந்தது 2022 ஜூலையிலிருந்து மூணு வருஷம். போகும்போது பாப்பாவுக்கு ஒண்ணே முக்கால் வயசு. சட்டதிட்டம் பற்றி நான் சொல்றதெல்லாம் ஜெர்மனிக் கணக்கு. வேற நாட்டுக்குப் போயிருந்தா அங்கே விசாரிச்சுக்குங்க.

முதல் தீபாவளி அக்டோபர் 24, திங்கட்கிழமை. அம்மா வீட்டில் என்னென்ன உண்டோ அத்தனையும் பண்ணணும்னு எனக்கு ஒரு வெறி. எண்ணெய்க் குளியல், புதுத்துணி, இட்லி, கறிக்குழம்பு, அதிரசம், முறுக்கு. முதல் நாள் ராத்திரி சட்டியை அடுப்பில் ஏத்தினேன். அங்கே படுக்கையறையிலும், வெளியே போற நடைவழியிலும் புகை கண்டுபிடிக்கிற கருவி மாட்டியே ஆகணும், சட்டம். எண்ணெய்ப் புகை நடைவழிக்குப் போனதும் அது கத்த ஆரம்பிச்சது. பாப்பா பயந்து நடுங்கி, அழுது அழுதே தூங்கினாள். காலையில் இருட்டோட எழுப்பினா எண்ணெய் வைக்க விடலை. பட்டுப்பாவாடை ஜரிகை குத்துதுன்னு கழட்டி எறிஞ்சாள். அவர் ஆபீஸ் போயிட்டார், அங்கே அது சாதாரண வேலை நாள்தானே. மத்தியானம் அவள் தூங்கினதும் முறுக்கு அச்சைக் கையில் வெச்சுக்கிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சாயந்திரம் அம்மா வீடியோவில் கூப்பிட்டாங்க. நான் பண்ணின பலகாரத்தை எல்லாம் காட்டினேன். அம்மா அதைப் பார்த்துட்டு, "சரி, குழந்தை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. ரெண்டு நாளில் குழந்தை எதுவுமே பண்ணலை. பண்ணினது முழுக்க நான்.

அந்தக் கேள்விக்கு அப்புறம் எங்க வீட்டில் ஒரு ஏற்பாடு வந்தது. ஒரு பண்டிகைக்கு ஒரே ஒரு வேலை. அதைக் குழந்தை தன் கையால் செய்யணும். ஒவ்வொரு வருஷமும் அதே வேலை, அதே மாதிரி. மிச்சமெல்லாம் முடிஞ்சா பண்றது, முடியலைன்னா விட்டுடறது. ரெண்டு வயசுக் குழந்தைக்குப் போன வருஷம் நடந்தது ஞாபகம் இருக்காது. முதல் ரெண்டு வருஷம் நமக்கு ஒண்ணும் திரும்ப வராத மாதிரித்தான் தெரியும். மனசு விட்டுடாதீங்க.

பிள்ளையார் சதுர்த்தியைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், எங்க வீட்டில் நல்லா ஒட்டிக்கிட்டது அதுதான். இங்கே கொசப்பேட்டையில் போய், குடையும் எருக்கம்பூ மாலையுமா தூக்கிட்டு வந்துடுவோம். அங்கே 2023-இல் கைவினைக் கடையில் சுடாமலே காயற களிமண் ஒரு பொட்டலம் வாங்கினேன். பாப்பா அதை உருட்டி உருட்டி ஒரு உருண்டை, மேலே இன்னொரு உருண்டை, ஒரு நீளத் தும்பிக்கை. அவ்வளவுதான் பிள்ளையார். கண்ணுக்கு ரெண்டு மிளகு. நம்ம ஊர்ப் பிள்ளையாருக்குக் குன்றிமணி வைப்பாங்களே, அதைத் தயவுசெஞ்சு கொண்டு போகாதீங்க. குன்றிமணிக்குள்ளே இருக்கிறது கடுமையான விஷம். கடிச்சு முழுங்கினா குழந்தை உயிருக்கே ஆபத்து. இந்த வயசில் எல்லாம் வாய்க்குத்தான் போகும்.

மூணாம் நாள் சாயந்திரம் குளியலறையில் வாளி நிறையத் தண்ணி வெச்சு, "நீயே பிள்ளையாரை வழியனுப்பு கண்ணு"ன்னு சொன்னேன். ரெண்டு கையாலும் பிடிச்சு மெதுவா இறக்கினாள். முதல்ல தும்பிக்கைதான் கரைஞ்சது. அதைப் பார்த்ததும் "புள்ளார் வா, புள்ளார் வா"ன்னு வாளிக்குள்ளே கைவிட்டுச் சேத்தை அள்ளி அள்ளி எடுக்கறாள். விரலிடுக்கு வழியா எல்லாம் ஒழுகுது. ஒரு மிளகு மட்டும் கையில் மாட்டுச்சு. அதை மூடிக்கிட்டு விம்மி விம்மி அழுகை. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. அவர்தான் யோசிச்சு, வாளியைத் தூக்கிட்டுப் போய் பால்கனித் தொட்டியில் அந்தச் சேத்துத் தண்ணியை ஊத்தி, மேலே அவள் கையாலேயே ஒரு பிடி வெந்தயம் தூவ வெச்சார். நாலு நாளில் முளை விட்டுச்சு. தினமும் காலையில் ஓடிப்போய், "புள்ளார் வந்தாச்சு" என்பாள்.

அடுத்த வருஷம் சதுர்த்தி செப்டம்பர் 7. ஆகஸ்ட் கடைசியில் நான் இன்னும் வாயே திறக்கலை. கடையில் களிமண்ணைப் பார்த்துட்டு, "அம்மா, புள்ளார் வாளி எங்கே? வெந்தயம் இருக்கா?" என்று அவளே கேட்டாள். எனக்கு அங்கேயே கண் கலங்கிடுச்சு.

பொங்கலுக்கு அடுப்புதான் பிரச்சினை. நிறைய வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு. வெண்கலப் பானை, பித்தளை, ஈயச்சொம்பு எதுவும் அதில் சூடாகாது. சாதா மின்னடுப்பு இருந்தாலும் ஈயச்சொம்பை வெறுமனே வெச்சுடாதீங்க, 232 டிகிரியில் உருகிடும். கடையில் பானை வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கையோட கொண்டு போய் அடிப்பாகத்தில் ஒட்டுதான்னு பாருங்க. ஒட்டினா எடுத்துட்டுப் போகலாம். பால் பொங்கி வழிஞ்சு கண்ணாடி அடுப்பில் தீஞ்சா சுரண்டறது பெரும்பாடு. அதனால் வழியற நேரம் பார்த்து அடுப்பை அணைச்சுடுவோம். குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்டு தள்ளியே நில்லுங்க. அவளுக்கு வேலை, தட்டையும் கரண்டியையும் வெச்சுத் தட்டி "பொங்கலோ பொங்கல்" சொல்றது. 2023-இல் பொங்கல் ஞாயித்துக்கிழமை வந்தது. அங்கே ஞாயிறு முழுக்க சத்தம் போடக்கூடாத நாள். முதல் நாளே கீழ்வீட்டுப் பாட்டிகிட்ட சொல்லி வெச்சேன், அன்னைக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். அடுத்த வருஷம் அந்தப் பாட்டியே எப்போன்னு விசாரிச்சாங்க. ஜனவரியில் அங்கே எட்டு மணி தாண்டித்தான் சூரியன் வரும், குழந்தைங்க வெச்சிருக்கிற வீட்டுக்கு அது ரொம்ப வசதி. மேகமா இருந்தா சூரியனை ஜன்னல் கண்ணாடியில் மஞ்சள் காகிதத்தில் ஒட்டிடுவோம். கரும்பு, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து எதுவா இருந்தாலும் ஈழத் தமிழர் கடையில் கேட்டுப் பாருங்க. நமக்கு ரொம்ப முன்னாடியே அங்கே வேர் பிடிச்சவங்க அவங்க. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் அவங்க எழுப்பினதுதான், 2002-இல் கும்பாபிஷேகம். நம்ம ஊர் மாதிரியே தேர் ஓடும். ஒரு தடவையாவது குழந்தையைத் தோளில் தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க.

பட்டாசு கேட்பாங்க. அங்கே வெடி, ராக்கெட்டெல்லாம் வருஷக் கடைசி மூணு நாள்தான் கடைக்கு வரும், கொளுத்த அனுமதி டிசம்பர் 31-உம் ஜனவரி 1-உம் மட்டும். தீபாவளிக்குக் கொளுத்தினா அபராதம். கம்பி மத்தாப்பு எப்பவும் கிடைக்கும், ஆனா அது பன்னண்டு வயசுக்கு மேலே. ஆயிரம் டிகிரிக்கு மேலே சூடாகிற கம்பியைச் சின்னக் குழந்தை கையில் கொடுக்க எனக்கு மனசு வராது, சென்னையிலும் கொடுக்க மாட்டேன்.

அதுக்குப் பதிலா வந்ததுதான் காகித விளக்கு. நவம்பர் 11 அங்கே செயின்ட் மார்ட்டின் நாள். கீட்டாவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைங்களே காகிதத்தில் விளக்குக் கூடு செஞ்சு, உள்ளே ஒரு சின்ன பல்பு வெச்சு, குச்சியில் தொங்கவிட்டு, இருட்டினதும் தெருவில் பாடிக்கிட்டே ஊர்வலம் போவாங்க. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. முந்தின நாள் ஊர்வலத்தில் தூக்கிட்டுப் போன அதே கூட்டை, மறுநாள் காலை எண்ணெய்க் குளியல் முடிச்சு, பாவாடைக்குள்ளே உல்லன் போட்டுக்கிட்டு, வாசலில் தானே கொண்டு போய் மாட்டினாள். அன்னையிலிருந்து தீபாவளிக்கு அவள் வேலை விளக்கு மாட்டறது.

அந்த ஊர்ப் பண்டிகையைக் கொண்டாடினா நம்மது மறந்துடுமோன்னு சிலர் தயங்கறாங்க. எனக்கு அந்தத் தயக்கம் வந்ததில்லை. பெரம்பூரில் லூர்து மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வளர்ந்தவங்கதானே நாங்க. 2022-இல் திருக்கார்த்திகை டிசம்பர் 6-ஆம் தேதி வந்தது. அங்கே அது நிக்கோலஸ் நாள். முதல் நாள் ராத்திரி குழந்தைங்க பூட்ஸைத் துடைச்சு வாசலில் வெச்சா காலையில் சாக்லேட்டும் ஆரஞ்சும் இருக்கும். காலையில் பூட்ஸ், சாயந்திரம் அதே வாசலில் அகல். ரெண்டும் ஒரே பண்டிகைன்னுதான் பாப்பா ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தாள், நானும் திருத்தலை.

லீவு விஷயம். தீபாவளிக்கு அங்கே லீவு இல்லை. வருஷ ஆரம்பத்திலேயே நாள்காட்டி பார்த்து ஒரு நாளாவது எழுதி வெச்சுடுங்க, கடைசி நேரத்தில் கேட்டா கிடைக்காது. விருந்து, நண்பர்களெல்லாம் சனிக்கிழமைக்குத் தள்ளலாம், தப்பே இல்லை. ஆனா குழந்தையோட அந்த ஒரு வேலையை மட்டும் அசல் நாளில் பண்ணிடுங்க, பத்து நிமிஷம் ஆனாலும் சரி. ஊரில் தாத்தா பாட்டி பண்ற அதே நாள் என்கிறது குழந்தைக்குப் பின்னாடி புரியும்.

பாட்டியோட பேசறதைப் பற்றி: அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் சென்னை மூணரை மணி நேரம் முன்னாடி, அதுக்கப்புறம் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. நவம்பரில் நீங்க காலை ஆறுக்குக் குளிப்பாட்டும்போது இங்கே பத்தரை ஆகியிருக்கும், அம்மா இட்லி ஊத்தி முடிச்சு ஓய்வா இருப்பாங்க. "பாட்டிக்கு ஹலோ சொல்லு"ன்னு போனைக் குழந்தை முகத்துக்கு நேரே நீட்டாதீங்க. ஓடிடும். நாங்க போனைச் சமையல் மேடையில் நிமிர்த்தி வெச்சுட்டு எங்க வேலையைப் பார்ப்போம். அம்மா அந்தப் பக்கம் வெங்காயம் உரிச்சுக்கிட்டே பேசுவாங்க. பாப்பா வருவாள், போவாள், ஏதாவது காட்டுவாள். அம்மா ஒரே வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும்.

கிறிஸ்துமஸ் நாள் புதுசா போனவங்களுக்கு ரொம்பக் கஷ்டம். 24 மத்தியானத்தோட கடை மூடிடும், 25-உம் 26-உம் விடுமுறை. தெருவில் ஆளே இருக்காது, எல்லாரும் அவங்கவங்க குடும்பத்தோட இருப்பாங்க. முதல் வருஷம் எங்களுக்கு வீடே விழுங்கற மாதிரி இருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து 25 மத்தியானம் எங்க வீட்டில் பிரியாணி. பக்கத்தில் இருந்த ரெண்டு தமிழ்க் குடும்பம், ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிள்ளைங்க. நீங்களும் ஒருத்தரையாவது கூப்பிடுங்க, அவங்களும் யாராவது கூப்பிட மாட்டாங்களான்னுதான் உட்கார்ந்திருப்பாங்க.

பலகாரத்தில் ஒண்ணு. முழு வேர்க்கடலை, கெட்டிச் சீடை, சுண்டல் கடலை எல்லாம் நாலு வயசு வரைக்கும் தொண்டையில் அடைச்சுக்கும். சுண்டலை மசிச்சுக் கொடுங்க.

கடைசியா, என்ன கட்டிக்கிட்டுப் போறது. ஒட்டிக்கிற வேட்டி, பாவாடை எல்லாம் ஒரு அளவு பெருசா எடுங்க, உள்ளே குளிர்த்துணி போகணும். பத்து அகல், கோலப்பொடி, ஒரு நல்ல முறுக்கு அச்சு. மரப்பாச்சி வாங்கினா செம்மரமான்னு கேளுங்க, செம்மரத்துக்கு ஏற்றுமதித் தடை இருக்கு. நெய்யைப் பெட்டியில் வைக்காதீங்க, பால் பொருளை அவங்க எல்லைக்குள்ளே விட மாட்டாங்க. வாழைப்பழமும் தேங்காயும் போகலாம், மாவிலையும் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமப் போகாது.

மாவிலை இல்லாததால்தான் எங்க தோரணம் வந்தது. பச்சைக் காகிதத்தில் பாப்பா கையை வெச்சுச் சுத்தி வரைஞ்சு, வெட்டி, நூலில் கோர்த்தோம். பொங்கலுக்குப் பொங்கல் அவள் கை ஒண்ணு, எங்க கை ஒண்ணொண்ணு. 2023-இல் வெட்டின கை என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. போன வருஷம் திரும்பி வந்ததும் அதை பெரம்பூர் வீட்டு வாசலில் நிஜ மாவிலைக்குப் பக்கத்திலேயே கட்டினோம். பாப்பா எண்ணிப் பார்த்துட்டு, "பாட்டி கை ஏன் இல்லை?" என்று கேட்டாள். அன்னைக்குத்தான் அம்மா கையை வரைஞ்சோம். மூணு வருஷம் அந்த இலை இல்லாமலே தொங்கியிருக்கு. நீங்க விமானம் ஏறறதுக்கு முன்னாடியே, நாலு பச்சைக் காகிதம் வாங்கி, வீட்டில் இருக்கிற பெரியவங்க எல்லார் கையையும் வரைஞ்சு பெட்டியில் வெச்சுக்குங்க.