புதுப்பிப்பு: அந்த ஐந்து ஸ்டிரிங் பேஸ்
சேமிப்பைக் கொட்டி வாங்கிய பேஸ் கிட்டார் வீட்டில் தேனாக இருக்கிறது, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கல்யாண மண்டபத்தில் மேடை ஏறினால் ஒலி தெளிவில்லாமல் வெறும் சேறு என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். "வித்துடு தம்பி" என்ற அண்ணன்மார்களுக்கு: விற்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். வீட்டில் தனியாக வாசிக்கும்போது ப்ரீஆம்பில் (கிட்டாருக்குள்ளேயே பேட்டரியில் ஓடும் ஒலிக் கட்டுப்பாடு) தாழ்ந்த ஒலிகளை ஏற்றும் பேஸ் நாபை முழுக்கத் திருப்பி வைப்பேன். இருப்பதிலேயே தாழ்ந்த ஒலி தரும் பி ஸ்டிரிங்கே சுமார் 31 ஹெர்ட்ஸ். அதையும் ஏற்றிவிட்டால் கிக் டிரம்மோடு மோதி மண்டபமே உறுமும். இப்போது நாப் நடுவில், மிட் (நடுத்தர ஒலிகள்) மட்டும் கொஞ்சம் தூக்கல். ஒவ்வொரு நோட்டும் தனியாகக் கேட்கிறது. கீபோர்டு அண்ணனே திரும்பிப் பார்த்தார்!

35 இன்ச் ஸ்கேல் (ஸ்டிரிங் அதிரும் நீளம்) என்பதால் கழுத்து நுனியில் உள்ள முதல் ஃப்ரெட்டுக்குக் கையை நீட்டும்போது இடது மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. ஆனால் பி ஸ்டிரிங் தொளதொளவென்று ஆடுவதில்லை. விரலை எதிர்த்துத் தள்ளுகிறது. இழுத்து விட்டால் மரத்தின் அதிர்வு விலா எலும்பில் ஓடும். அதற்குத்தான் அவ்வளவு ரிங்கிட் கொடுத்தேன் போல.

நடுவில் ஒலியில் ஒரு கரகரப்பும் வந்தது. காரணம்? வாசிக்காதபோதும் கேபிள் ஜேக்கைச் செருகியே வைத்து ப்ரீஆம்பின் 9 வோல்ட் பேட்டரியைத் தீர்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.