21ஆம் நாள் ஓட்டுக்குள்ளேயே இறந்துபோன குஞ்சுகள்: கொழும்பில் ஊர்க்கோழி பொரிக்க வைத்தவர்கள் உதவுங்கள்

மட்டக்குளி வாசி:

வணக்கம். களனி கங்கை கடலோடு சேரும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. பின்னால் ஒரு துண்டு வளவு, ஒரு முருங்கை, பலகையில் அடித்த ஒரு கோழிக்கூடு.

கரவெட்டியில் அம்மம்மா வளர்த்த மொட்டைக் கழுத்துக் கோழிகளின் வழி இன்னும் மாமாவின் வளவில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது காலையில் கூட்டைத் திறந்துவிட்டது அவற்றின் பாட்டிகளைத்தான். இப்போது 5 பேடுகளும் ஒரு சேவலும் மட்டுமே மிச்சம். மாமாவுக்கும் வயதாகிவிட்டது. பக்கத்து வளவில் பண்ணைப் பழுப்புக் கோழிகளைச் சேவலோடு வாங்கி விட்டிருக்கிறார்கள், வேலியும் பொத்தல். எல்லாம் கலந்து போவதற்குள் இங்கே ஒரு வழியைக் காப்பாற்றிவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

9 நாள் சேர்த்த 22 முட்டைகளை இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். விடிந்ததும் வீட்டுக்கு வந்து, முகம் கழுவுவதற்கு முன்பே இன்குபேட்டரில் அடுக்கிவிட்டேன். விசிறி உள்ள சிறிய இயந்திரம், 37.5 பாகை செல்சியஸ். நாளுக்கு 5 தடவை கையால் திருப்பினேன். தண்ணீர்ப் பள்ளங்கள் இரண்டும் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது; ஒரு நாளும் வற்ற விடவில்லை.

7ஆம் நாள் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது 17 முட்டைகளில் நரம்பு ஓடியிருந்தது. 20ஆம் நாள் உள்ளிருந்து கீச்சென்ற சத்தம் கேட்டது. மகள் மூடியில் காதை வைத்தபடி சோறு உண்ணவும் வர மறுத்தாள். ஆனால் வெளியே வந்தவை 4 மட்டும். 23ஆம் நாள் மிச்சம் 13ஐயும் உடைத்துப் பார்த்தேன். இரண்டு இடையிலேயே நின்றுபோனவை. மற்ற 11 முட்டைகளிலும் இறகு, நகம் எல்லாம் முடிந்த முழுக் குஞ்சுகள். உடம்பு ஊதி, நசநசவென்று ஈரமாக இருந்தன. மூன்று குஞ்சுகள் ஓட்டில் ஓட்டை போட்டும் அதற்கு மேல் முடியாமல் இறந்திருந்தன.

முருங்கையடியில் புதைத்தோம். மகள் இன்னும் அந்தப் பக்கம் போவதில்லை. நான் எங்கே பிழை விட்டேன்? பிழைத்த நான்கில் ஒன்றுக்குக் கழுத்து முழுவதும் இறகு இருக்கிறது. அது கலப்பா?

கிடுகுவேலி:

தம்பி, அந்த 11 குஞ்சுகளையும் கொன்றது தண்ணீர். நீங்கள் அக்கறையோடு ஊற்றிய தண்ணீர்தான். எனக்கும் தெஹிவளையில் முதல் இரண்டு தடவை இதுவே நடந்தது. அதனால்தான் உறுதியாகச் சொல்கிறேன்.

முட்டை முதல் 18 நாளில் தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதத்தை நீராவியாக வெளியே விட வேண்டும். அந்த நீர் போகப் போகத்தான் மழுங்கிய முனையில் உள்ள காற்றறை பெரிதாகும். குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முதல் நாள், உள் சவ்வைக் கிழித்து அந்தக் காற்றறைக்குள் அலகை நீட்டித்தான் முதல் மூச்சை இழுக்கிறது. நீர் போகாவிட்டால் காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு ஊதிப் போய் உள்ளே திரும்பவும் இடமிராது. நீங்கள் பார்த்த நசநசப்பு அதுதான்.

இனிக் கொழும்பின் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறையில் 29 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் இருந்தால், அதே காற்று பெட்டிக்குள் 37.5 பாகைக்குச் சூடேறும்போது ஈரப்பதன் தானாகவே 50 சதவீதத்துக்கு இறங்கும். முதல் 18 நாளுக்கு வேண்டியது 45 முதல் 55 வரைதான். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே நமக்கு அது கிடைத்துவிடுகிறது! பள்ளம் இரண்டும் நிரம்பியிருக்கட்டும் என்ற பேச்சு, குளிர்காலத்தில் காற்று காய்ந்துபோகும் நாட்டுக்குத்தான் பொருந்தும். கங்கை வாயில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தாது.

ஈரப்பதன் மானியை நம்புவதைவிடத் தராசை நம்புங்கள். சமையலறைத் தராசில் 10 முட்டைகளைச் சேர்த்து நிறுத்து எழுதி வையுங்கள். 430 கிராமில் தொடங்கினால் 7ஆம் நாள் 410, 14ஆம் நாள் 390, 18ஆம் நாள் 378 என்ற அளவில் நிற்க வேண்டும். எடை குறையவில்லை என்றால் காற்றுத் துளைகளை முழுதாகத் திறவுங்கள். வேகமாகக் குறைந்தால் மட்டும் ஒரு பள்ளத்தில் பாதிக்குத் தண்ணீர் விடலாம். 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்திவிட்டு, அப்போது இரண்டு பள்ளங்களையும் நிரப்புங்கள். அந்த மூன்று நாளும் 65க்கு மேல் ஈரம் வேண்டும், இல்லாவிட்டால் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு மூடியைத் திறக்கவே கூடாது. முதல் ஓட்டை விழுந்து 20 மணித்தியாலம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அந்த நேரத்தில் மஞ்சள் கருவின் மிச்சம் வயிற்றுக்குள் போகிறது, ஓட்டின் உட்புற இரத்தக் குழாய்கள் வற்றுகின்றன. பொறுக்க முடியாமல் ஓட்டைப் பிய்த்தால் இரத்தம் வரும். முதலில் வந்த குஞ்சுக்குப் பசிக்குமே என்றும் பதற வேண்டாம், உள்ளே போன மஞ்சள் கருவே இரண்டு நாளுக்குத் தாங்கும்.

இன்னும் இரண்டு பிழைகள். பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டையை உடனே சூட்டில் வைத்திருக்கிறீர்கள். கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைத்த பிறகுதான் அடுக்க வேண்டும். காற்றறை தன் இடத்துக்குத் திரும்பட்டும். அடுத்தது, 9 நாள் சேர்த்தது. நம் ஊர் வெயிலில் சாதாரண அறையிலேயே கரு மெல்ல வளரத் தொடங்கி, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் களைத்துவிடும். மாமாவை ஒரு மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, மேலே சாக்கை விரித்து, நிழலில் வைத்து அதில் முட்டை சேர்க்கச் சொல்லுங்கள். 6 நாளுக்கு மேல் வேண்டாம். கழுவவும் வேண்டாம்.

மகளிடம் சொல்லுங்கள், இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல.

வாவிக்கரை:

கிடுகுவேலி அக்கா சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் எனக்கு ஒரு மன வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நான் மட்டக்களப்பான், இப்போது இரத்மலானையில் இருக்கிறேன்.

ஊர்க்கோழியின் பெருமையே அது அடைக்கு இருப்பதுதான். பண்ணைக் கோழியில் அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள், அடை கிடக்கும் கோழி முட்டை இடாது என்பதற்காக. நாமும் எல்லாவற்றையும் இயந்திரத்தில் பொரித்தால், எந்தப் பேடு நல்ல தாய், எது பாதியில் எழும்பிப் போவது என்று எப்படித் தெரியும்? மொட்டைக் கழுத்தை மட்டும் காப்பாற்றி, தாய்மையைத் தொலைத்துவிடுவோம்.

எங்கள் வீட்டில் கடகத்தில் மணலும் சாம்பலும் போட்டு, மேலே வைக்கோல் சுற்றி, 11 முட்டை வைப்போம். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று அம்மா ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் வைப்பார். இடிக்கும் ஆணிக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்டதில்லை, இன்றும் வைக்கிறேன். சாம்பலுக்கு மட்டும் காரணம் தெரியும்: பேன் பிடித்தால் கோழி அடையில் தரிக்காது. நாளுக்கு ஒரு தடவை இறங்கி, எச்சம் போட்டு, தீனி தின்று, 20 நிமிடத்தில் தானே திரும்பி ஏறுகிற பேடுதான் நல்ல பேடு. அதன் மகள்களை விற்காதீர்கள்.

இயந்திரத்தில்தான் பொரிக்க வேண்டும் என்றால், குஞ்சையாவது தாயிடம் கொடுங்கள். அடைக்கோழியின் கீழே இரவு இருட்டில், ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக நுழைத்துவிடலாம். விடிந்ததும் தன்னுடையவை என்று ஏற்றுக்கொள்ளும். குஞ்சுக்குச் சூடு தரும் மின்குமிழை விட அது மேல். மட்டக்குளிக் காகங்களையும் அது பார்த்துக்கொள்ளும்.

மட்டக்குளி வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. தராசு வாங்கிவிட்டேன். கழுத்தில் இறகுள்ள அந்தக் குஞ்சைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அக்கா?

கிடுகுவேலி:

மறந்துவிட்டேன், மன்னிக்கவும்.

மொட்டைக் கழுத்து ஓங்கிய குணம். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும், கழுத்து மொட்டையாகிவிடும். இரண்டு பக்கமும் வந்த கோழிக்குக் கழுத்து முழு மொட்டை. ஒரு பக்கம் மட்டும் வந்ததற்குக் கழுத்தின் முன்புறம், மார்புக்குச் சற்று மேலே, ஒரு கொத்து இறகு நிற்கும். மாமாவிடம் சேவலைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கொத்து சேவலிலும் ஏதாவது ஒரு பேட்டிலும் இருந்தால், அவற்றின் குஞ்சுகளில் நான்கில் ஒன்று இறகுக் கழுத்தோடு வருவது இயல்பு. ஆகவே அந்தக் குஞ்சைக் கலப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மறுபக்கம் இருக்கிறது. வேலி தாண்டி வந்த பண்ணைச் சேவலுக்குப் பிறந்த குஞ்சும் மொட்டைக் கழுத்தோடு வரலாம். கழுத்தை வைத்துத் தூய்மையைச் சொல்ல முடியாது. சேவலின் விந்து பேட்டின் உடலில் இரண்டு கிழமைக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதனால் 5 பேடுகளையும் மாமாவின் சேவலோடு 3 கிழமை அடைத்து வைத்து, அதற்குப் பிறகு இடும் முட்டைகளை மட்டும் எடுங்கள். இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண்.

இந்தக் கோழிக்கு இறகு குறைவு, அதனால் உடம்புச் சூடு எளிதில் வெளியேறுகிறது. கொழும்பு வெக்கையில் மற்றவை வாயைப் பிளந்து நிற்கும்போது இது மேய்ந்துகொண்டிருக்கும். அம்மம்மா காரணமில்லாமல் இதை வைத்திருந்திருக்க மாட்டார்.

ஒரே சேவலின் பிள்ளைகளை அண்ணன் தங்கையாக மீண்டும் மீண்டும் சேர்த்தால் சில தலைமுறையில் பொரிப்பு குறையும், குஞ்சு நலிந்துவிடும். ஒரு பகுதியை மாமாவிடமும் ஒரு பகுதியை உங்களிடமும் வைத்து, சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியரிடம் போய் நியூகாசில் என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்துக்கும் அம்மைத் தடுப்புக்கும் நாள் கேளுங்கள். கோழி அம்மையைப் பரப்புவது நுளம்பு. மட்டக்குளியில் அதற்குக் குறைவா?

மட்டக்குளி வாசி:

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். மாமா கிடுகால் வேலியை அடைத்து, கோழிகளை 3 கிழமை உள்ளேயே வைத்திருந்தார். சேவலின் மார்புக்கு மேலே அந்தக் கொத்து இறகு இருக்கிறது. "இத்தனை வருடமாக வளர்க்கிறேன், இதைக் கவனிக்கவில்லையே" என்றார்.

6 நாளில் 14 முட்டைகள். ஈர மணல் சட்டி, பஸ், பிறகு ஒரு நாள் ஓய்வு. தண்ணீர் ஊற்றவில்லை. முட்டையின் சராசரி எடை 43 கிராமிலிருந்து 18ஆம் நாள் 38க்கு வந்தது. 15ஆம் நாள் மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. துளைகளை விட்டுவிட்டுப் பெட்டியைப் போர்வையால் சுற்றி வைத்தோம்.

கருக்கொண்டவை 12. பொரித்தவை 10. எட்டு மொட்டைக் கழுத்து, இரண்டு இறகுக் கழுத்து. ஒரு குஞ்சு ஓட்டை போட்டு 19 மணித்தியாலம் அப்படியே கிடந்தது. மகள் மூடியில் கை வைக்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு ஓட்டைச் சுற்றி ஒரு கோடு விழுந்தது, தொப்பியைத் தள்ளுவது போல ஓட்டைத் தள்ளிவிட்டு வந்தது.

வாவிக்கரை அண்ணன் மூன்று கிழமைக்கு முன்பே ஓர் அடைக்கோழியைக் கடகத்தோடு, சாக்கால் மூடி, இரவு முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து தந்திருந்தார். அதுவரை அது மூன்று கூழ்முட்டைகளின் மேல் கிடந்தது. நேற்றிரவு பத்தையும் அதன் கீழே வைத்தேன். இன்று காலை குருணலைப் போட்டதும் அது கொத்தவில்லை. கொக் கொக் என்று மெல்லக் கூப்பிட்டு, ஒரு மணியை அலகால் எடுத்து எடுத்துக் கீழே போட்டுக் காட்டியது. பத்தும் ஓடிவந்தன. மகள் முருங்கையடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த மாதம் மாமா ஓர் இளஞ்சேவலோடு வரப்போகிறார். 8 மணித்தியாலப் பஸ் பயணத்தில் சேவலைக் கொண்டுவந்த அனுபவம் யாருக்காவது இருந்தால், தண்ணீர் எப்போது, எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.