எலி பிடிக்கப் போகும் பிள்ளைகளும் பள்ளி வருகைப் பதிவேடும்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

ஆற்காடு, ஆசிரியர்

தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமானதும் எங்கள் பள்ளியில் இருளர் குடியிருப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். ஆற்காடு, திமிரி, கலவை வட்டாரத்தில் பாடம் நடத்துகிற எல்லோருக்கும் பழகிய விஷயம் இது. அறுத்த வயலில் எலி பிடிக்கக் குடும்பமே கிளம்புகிறது. வீட்டில் ஆள் இல்லாதபோது பிள்ளையை யாரிடம் விடுவது? அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. வயலில் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. அதை அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

போன தையில் என் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனைத் தேடி வயலுக்கே போனேன். அதட்டி இழுத்துவரப் போகவில்லை, என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன். பையன் வரப்போரம் குந்தியிருந்தான். வளை வாயில் குவிந்திருந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினான். "ஈரம் காயவில்லை சார். ராத்திரி தள்ளிய மண். உள்ளேதான் இருக்கிறது" என்றான். பிறகு வரப்பைச் சுற்றி வந்து, புல்லுக்கும் தாளுக்கும் அடியில் மறைந்திருந்த மற்ற வாய்களைக் கண்டுபிடித்து, சேற்று உருண்டையால் ஒவ்வொன்றாக அடைத்தான். அவன் அப்பா மண்பானைக்குள் வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டி, பானை வாயை வளையோடு பொருத்தி, அடியிலிருந்த துளையில் வாய் வைத்து ஊதினார். சற்று நேரத்தில் தள்ளி ஓரிடத்தில், வரப்பின் வெடிப்பிலிருந்து, நூல் பிரிந்ததுபோல் புகை கசிந்தது. அப்பா தலையைத் தூக்குவதற்குள் பையன் ஓடிப்போய்க் குதிகாலால் மிதித்து அதை மூடிவிட்டான்.

தோண்டியதும் எலிகளோடு நெல்லும் கிடைத்தது. கதிர்களை ஒரே அளவாக நறுக்கி ஓர் அறையில் அடைத்து வைத்திருந்தது வரப்பெலி. அம்மா அதை அள்ளிக் கோணியில் போட்டுக்கொண்டார். நிலக்காரருக்கு எலி ஒழிந்தது, இவர்களுக்குக் கறியும் அரிசியும் ஆயிற்று.

அவன் பள்ளிக்குத் திரும்பிய பிறகு வளையின் குறுக்குவெட்டைக் கரும்பலகையில் வரையச் சொன்னேன். நுழைவாய், தப்பிக்கும் வழி, தீனி அறை, குட்டி போடும் இடம் என்று எல்லாவற்றையும் வரைந்து பெயர் எழுதினான். எழுத்துப்பிழை இருந்தது. ஆனால் அந்த வகுப்பில் வேறு யாருக்கும், எனக்கும்கூட, அது தெரியாது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தப் பிள்ளைகள் சில வாரம் வராமல் இருப்பதால் படிப்பு கெடுவதில்லை. திரும்பி வரும்போது பள்ளி அவர்களை நடத்தும் விதத்தால்தான் கெடுகிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி 6 முதல் 14 வயதுவரை உள்ள எந்தக் குழந்தையையும் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. படிப்பு விட்டுப்போன பிள்ளையை அதன் வயதுக்கு உரிய வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்குச் சமமாக வரச் சிறப்புப் பயிற்சி கொடுக்கவும் சட்டம் சொல்கிறது. ஆனால் எல்லோர் முன்னாலும் "எலி பிடிக்கத்தானே போனாய்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், மறுநாள் அந்தப் பிள்ளை வராது. அதற்குச் சட்டத்தில் மருந்தில்லை.

உங்கள் ஊரில் எப்படி? எழுதுங்கள்.

ஆரணி, கல்லூரி மாணவர்

ஐயா, நான் இருளர் வீட்டுப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள். வணக்கத்தோடு சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

பானை ஊதுவது பார்க்கத்தான் எளிது. புகை திருப்பி அடித்தால் வாய் வெந்துவிடும். என் அப்பாவின் உதட்டில் அந்தத் தழும்பு இருக்கிறது, இருமலும் நிற்கவில்லை. கையால் சுழற்றிப் புகையூட்டும் இரும்புக் கருவி சில ஊர்களில் வந்திருக்கிறது, எங்களுக்கு அது கிடைத்தது நான் பள்ளி முடித்த பிறகுதான். வளைக்குள் சில சமயம் பாம்பும் இருக்கும். கையை விடும் முன் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும் என்பதை அம்மா எனக்கு எழுத்து கற்பதற்கு முன்பே கற்றுக்கொடுத்துவிட்டார். ஆகவே இதை அழகான கிராமத்துக் காட்சியாக மட்டும் யாரும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் அக்கா ஏழாம் வகுப்போடு நின்றாள். அறுவடைக்குப் போய் வந்தபோது வகுப்பில் பாடம் வெகுதூரம் போயிருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. மறு வருடம் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனாள். எலி பிடித்தலை நாங்கள் எங்கள் விருப்பத்துக்குச் செய்தோம், வேண்டும்போது வீடு திரும்பினோம். சூளையில் முன்பணம் வாங்கினால் அது தீரும்வரை திரும்ப முடியாது. இரண்டையும் "பெற்றோரின் அலட்சியம்" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறார்கள். அதுதான் என் மனதை மிகவும் வருத்துகிறது.

இன்னொன்று. பழங்குடியினர் சான்றிதழுக்கு நான் விண்ணப்பித்தபோது விசாரணைக்கு வந்த அலுவலர் கேட்ட கேள்விகளில் ஒன்று, "எலி வளையை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பாய்?" பள்ளியில் எதற்காகத் தலைகுனிந்தேனோ, அதைச் சொல்லித்தான் நான் யார் என்று நிரூபித்தேன். 2023-இல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பாம்பு பிடிக்கும் திறமைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் செய்தித்தாளை அப்பா இன்னும் மடித்து வைத்திருக்கிறார். என் அக்காவின் வகுப்பில் அன்று யாராவது ஒருவர் அந்தத் திறமையை மதித்திருந்தால் போதும்.

பென்சில்வேனியா, செவிலியர் (சொந்த ஊர் காட்பாடி)

வேலூரில் செவிலியர் படிப்பை முடித்து இங்கே வந்து குடியேறியவள் நான். சிறு நகரத்தில் வேலை. என் மகன் பள்ளியில் சேர்ந்த வருடம், நவம்பர் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு அச்சுப்பிழை என்றே நினைத்தேன். நன்றி நவிலும் நாள் வியாழக்கிழமை வருகிறது, சரி. அடுத்த திங்கட்கிழமைக்கும் ஏன் விடுமுறை? பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார்: மான் வேட்டைக்காக.

இந்த மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் பல காலமாக அந்தத் திங்கட்கிழமைதான் தொடங்கியது. கிராமப்புறப் பள்ளிகள் பலவும் அன்று மூடியே இருக்கும். ஆசிரியர்களே காட்டுக்குப் போயிருப்பார்கள். 2019 முதல் பருவம் சனிக்கிழமையே தொடங்குகிறது. ஆனாலும் பல பள்ளிகள் திங்கள் விடுமுறையை விடவில்லை. அதற்கு மேலும் நாள் வேண்டுமென்றால், பெற்றோர் முன்கூட்டியே படிவம் நிரப்பிக் கொடுத்து அனுமதி வாங்கும் வழி பல பள்ளிகளில் இருக்கிறது. பிள்ளை திரும்பி வந்ததும் விட்டுப்போன பாடத்தைச் செய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுப்பாடு இல்லை என்று நினைக்க வேண்டாம். உரிமம் வேண்டும், அதற்குமுன் பாதுகாப்புப் பயிற்சியில் தேற வேண்டும், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற உடை போட வேண்டும், சிறுவர்களோடு பெரியவர் இருக்க வேண்டும். என் மகனின் நண்பன் தாத்தாவோடு போய்விட்டு வந்து, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எங்கே உட்கார வேண்டும் என்று எங்கள் சாப்பாட்டு மேசையில் விளக்கிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பெருமை. நாங்கள் துப்பாக்கியைத் தொடாத குடும்பம், எனக்கு மானைக் கொல்வதில் விருப்பமும் கிடையாது. ஆனால் ஆரணித் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அதே வயது, அதே அறிவு. இங்கே பள்ளி அதற்கு நாள் ஒதுக்குகிறது. அங்கே ஒரு பெண் பிள்ளை ஏழாம் வகுப்போடு நின்றிருக்கிறாள்.

ஒடுகத்தூர், மலைப் பள்ளி ஆசிரியை

பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டுப் பக்கம் ஜவ்வாது மலையில் வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. எலியையும் காட்டு முயலையும் ஒரே தட்டில் வைத்துவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வயல் எலியைப் பாதுகாப்பதில்லை. முயல், மான், கவுதாரியை வேட்டையாடினால் வழக்கு. மலையில் சாமை அறுப்பு முடிந்த பிறகு நாய்களோடு முயல் விரட்டப் போகும் அப்பாக்கள் பையன்களையும் கூட்டிப்போவார்கள். அப்படிப் போன ஒருவர் பிடிபட்டார். அபராதம், வாய்தா, வக்கீல் செலவு என்று அலைந்து கடன் ஏறியது. கடனை அடைக்கப் பையனை வேலைக்கு அனுப்பினார்கள். வேட்டைக்குப் போன நாளில் அவன் படிப்பு போகவில்லை, வழக்கில் போனது. பென்சில்வேனியாவில் மானுக்குப் பருவமும் உரிமமும் இருக்கிறது, நமக்கு இல்லை. இதைப் பிள்ளைகளின் அப்பாக்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

வேலூர், ஊசிமணி வியாபாரி

நாங்கள் நரிக்குறவர். தாத்தா கண்ணி வைத்துக் கவுதாரியும் காடையும் பிடித்தார். சட்டம் வந்ததும் அது போயிற்று, மணி கோக்க ஆரம்பித்தோம். இப்போது பிள்ளைகள் வேட்டைக்கு வருவதில்லை, திருவிழாவுக்கு வருகிறார்கள். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போனால் திரும்ப நாளாகும். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் எங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தார்கள், என் மகள் கல்லூரிக்குப் போவாள் என்ற நம்பிக்கை வந்திருக்கிறது. அவளுடைய டீச்சர் பயணத்துக்கு முன்னால் கணக்கு எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். கடை போட்ட இடத்தில் உட்கார்ந்து அவள் அதைப் போடுகிறாள். அந்த டீச்சர் நன்றாக இருக்க வேண்டும்.

வாலாஜா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

எல்லோரும் உருக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஐந்தாம் வகுப்புக்குச் சரியாக வருவது பத்தாம் வகுப்புக்கு வராது. தை, மாசியில் வராத பிள்ளை மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு எப்படி எழுதும்? கரும்பலகையில் வளை வரைந்தால் மதிப்பெண் கொடுப்பார்களா? பெரிய வகுப்புப் பிள்ளைகளை அறுவடைக் காலத்தில் விடுதியில் தங்கவைப்பதுதான் ஒரே வழி.

ஆற்காடு, ஆசிரியர்

தலைமையாசிரியர் ஐயா சொல்வது பத்தாம் வகுப்புக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்புவரை வந்தால்தானே விடுதி? எங்கள் ஊரில் பிள்ளைகள் நிற்பது ஐந்திலிருந்து எட்டுக்குள். அந்த வயதில்தான் கதவு திறந்திருக்க வேண்டும்.

காட்பாடி அம்மா சொன்ன படிவம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம்மிடமும் அதற்கு இடம் உண்டு. தீபத்துக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டு, பின்னொரு சனிக்கிழமையை வேலைநாளாக்குகிறார்கள். நாள்காட்டி வளையும் என்பதற்கு அதுவே சாட்சி. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள் என்பது சட்டம். நலிந்த பிரிவினருக்கும் அதில் இடம் கொடுத்தாக வேண்டும். எங்கள் குழுவில் இருளர் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா இருக்கிறார். அறுவடை எந்த வாரம் எந்த ஊரில் என்பது அவருக்குத்தான் முதலில் தெரிகிறது. கிளம்பும் முன் அவர் சொல்லிவிட்டால், பிள்ளைகளிடம் பயிற்சித்தாளைக் கொடுத்தனுப்புகிறோம். தங்கும் ஊர்ப் பள்ளிக்கும் போன் செய்து மதியச் சாப்பாட்டுக்காவது உட்காரவைக்கச் சொல்கிறோம். எல்லாப் பள்ளியும் சம்மதிப்பதில்லை.

ஆரணித் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். மாசியில் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு வர முடியுமா? அப்பாவையும் அழைத்து வாருங்கள். அந்த இரும்புக் கருவி எங்கே கிடைத்தது என்ற விவரமும் வேண்டும். இங்கே இன்னும் பானைதான் ஊதிக்கொண்டிருக்கிறார்கள்.