டைப்-சி டு எச்டிஎம்ஐ போட்டும் புரொஜெக்டரில் ‘நோ சிக்னல்’: போன் கேமராவை வகுப்புச் சுவரில் காட்ட வழி உண்டா?

ஆறாம் வகுப்பு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் 38 பிள்ளைகள். அடுத்த வாரம் செல் பாடம். பள்ளியில் இருக்கும் ஒரே நுண்ணோக்கியின் லென்ஸில் பூஞ்சை படர்ந்துவிட்டது, எதை வைத்தாலும் புகைமூட்டம்தான் தெரிகிறது.

அதனால் வீட்டில் ஒன்று செய்து பார்த்தேன். சாவிக்கொத்தில் வரும் பழைய லேசர் லைட்டைப் பிரித்து, அதிலிருந்த மிளகு அளவு லென்ஸை ஹேர்பின்னில் செருகி, போனின் பின் கேமரா மேல் டேப் போட்டு ஒட்டினேன். அடுக்களை மேடையில் வெங்காயத்தின் உள்தோலை உரித்து வைத்துப் பார்த்தேன். செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி செல்கள் வரிசையாகத் தெரிந்தன. பதினாறு வருடமாகக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்த படம் அது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் பீரியட் முடிந்துவிடுகிறது. பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்த பழைய புரொஜெக்டர் இருக்கிறதே, அதில் காட்டலாம் என்று 650 ரூபாய்க்கு டைப்-சி டு எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கினேன். செருகினால் ‘நோ சிக்னல்’.

நான் சரிபார்த்தவை: எச்டிஎம்ஐ ஒயர் இரண்டை மாற்றிப் பார்த்தேன். வீட்டு டிவியிலும் அதே கதை. எச்.எம். அவர்களின் லேப்டாப்பை அதே ஒயரில் மாட்டினால் படம் வருகிறது. போன் இரண்டு வருடத்துக்கு முன் 11,000 ரூபாய்க்கு வாங்கியது, ஆண்ட்ராய்டு 13. பள்ளியில் வைஃபை கிடையாது. இன்னும் 1,500 ரூபாய் வரை என்னால் செலவு செய்ய முடியும், அதற்கு மேல் இந்த மாதம் முடியாது. கோளாறு அடாப்டரிலா, போனிலா?

சர்வீஸ் கடை

டீச்சர், அடாப்டரும் நல்லாத்தான் இருக்கும், போனும் நல்லாத்தான் இருக்கும். ரெண்டுக்கும் ஒத்துவரல, அவ்வளவுதான். கடைக்கு வாரத்துக்கு ரெண்டு பேராவது இதே கேள்வியோட வர்றாங்க.

டைப்-சி என்பது ஓட்டையோட வடிவம் மட்டும்தான். அந்த ஓட்டை வழியா படம் வெளிய வரணும்னா, போனுக்குள்ள ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’னு ஒரு வசதி இருக்கணும். அது பெரும்பாலும் விலை கூடுன போன்லதான் கொடுப்பாங்க. உங்க விலைக்கு வர்ற போன்ல யூஎஸ்பி 2.0 தான் இருக்கும், அதுல சார்ஜ் ஏறும், ஃபைல் போகும், படம் போகாது. போன் மாடலைத் தேடி விவரப் பட்டியல்ல யூஎஸ்பி வரியைப் பாருங்க. ‘டைப்-சி 2.0’னு மட்டும் போட்டிருந்தா இந்த அடாப்டர் வேலைக்கு ஆகாது. ‘3.1’, ‘3.2’னு போட்டு பக்கத்துல டிஸ்ப்ளேபோர்ட்னும் இருந்தாத்தான் வரும்.

அட்டைப் பெட்டியில ‘எல்லா டைப்-சி போனுக்கும்’னு அச்சடிச்சிருப்பாங்க. அதை நம்பி இன்னொண்ணு வாங்கிடாதீங்க.

கணக்கு சார்

ஒயர் இல்லாமல் அனுப்பும் டாங்கிள் ஒன்று வாங்கிவிடுங்களேன். புரொஜெக்டரில் செருகிவிட்டு போனில் ‘காஸ்ட்’ அழுத்தினால் போதும். எங்கள் பள்ளியில் அப்படித்தான் ஓடுகிறது.

லினக்ஸ் தம்பி

சார், உங்க பள்ளியில வைஃபை இருக்கும். டீச்சர் இடத்துல இல்லையே. சில டாங்கிளுக்கு வைஃபை நெட்வொர்க் கட்டாயம் வேணும். நேரடியா இணையிற மிராகாஸ்ட் வகையை எல்லா போனும் ஏத்துக்காது. அதோட படம் கொஞ்சம் தாமதமா வரும். சினிமா பார்க்க அது பரவாயில்ல. ஆனா லென்ஸை அரை மில்லிமீட்டர் நகர்த்திட்டு சுவரைப் பார்த்து ஃபோகஸ் பண்ணும்போது அந்தத் தாமதம் உயிரை வாங்கிடும்.

டீச்சர், எச்.எம். லேப்டாப் புரொஜெக்டர்ல வருதுன்னு சொன்னீங்களே, வழி அதுலதான் இருக்கு. போன் படத்தை சார்ஜர் ஒயர் வழியா லேப்டாப்புக்குக் கொண்டுவந்துட்டா, மீதியை லேப்டாப் பார்த்துக்கும். அதுக்கு ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கு, பைசா செலவில்ல. ‘ஸ்க்ரீன் காப்பி’ன்னு சொல்வோம். தேடும்போது எஸ், சி, ஆர், சி, பி, ஒய் ஆறு எழுத்தையும் இடைவெளி இல்லாம அடிங்க. மென்பொருள் எழுதுறவங்க அதை வெளியிடுற கிட்ஹப் தளத்துல இருந்து மட்டும் இறக்குங்க, அதே பேர்ல போலித் தளங்கள் நிறைய இருக்கு. விண்டோஸுக்கு 32 பிட், 64 பிட்னு தனித்தனி ஜிப் இருக்கும், லேப்டாப் எதுன்னு பார்த்து எடுங்க. இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல, பிரிச்சு வெச்சா போதும். ஒரு தடவை வீட்டுல இறக்கிட்டா பள்ளியில இன்டர்நெட்டே தேவையில்ல.

போன்ல ஒரே ஒரு வேலை. செட்டிங்ஸ்ல ‘அபௌட் போன்’ போய் ‘பில்ட் நம்பர்’ மேல ஏழு தடவை தட்டுங்க. சில கம்பெனி போன்ல பில்ட் நம்பருக்குப் பதிலா அவங்க சாஃப்ட்வேர் வெர்ஷன் மேல தட்டணும். ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும், அதுக்குள்ள ‘யூஎஸ்பி டீபக்கிங்’கை, அதாவது ஒயர் வழியா கம்ப்யூட்டர் போனை இயக்க விடுற வசதியை, ஆன் பண்ணுங்க. ஒயரை மாட்டி, லேப்டாப்ல பிரிச்சு வெச்ச ஃபோல்டருக்குள்ள அந்த ஆறு எழுத்துப் பேர்ல இருக்கிற ஃபைலை டபுள் கிளிக் பண்ணுங்க. போன் திரை அப்படியே லேப்டாப்ல வந்து நிக்கும்.

ஆறாம் வகுப்பு டீச்சர்

தம்பி, சர்வீஸ் கடைக்காரர், இருவருக்கும் நன்றி. விவரப் பட்டியலில் ‘2.0’ என்றுதான் இருக்கிறது. 650 ரூபாய் போனது வருத்தம்தான். ஆனால் காரணம் தெரிந்ததே நிம்மதி.

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். கறுப்புப் பெட்டி ஒன்று திறந்து, கருவி எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. போனில் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. இரண்டு மணி நேரம் போராடினேன். இன்னொரு சந்தேகம்: டெவலப்பர் ஆப்ஷனை ஆன் செய்த பிறகு பேங்க் ஆப் திறக்க மறுக்கிறது. ஏதாவது கெடுத்துவிட்டேனா?

சர்வீஸ் கடை

ஒண்ணும் கெடல டீச்சர். சில பேங்க் ஆப் பாதுகாப்புக்காக அப்படிச் செய்யும். வகுப்பு முடிஞ்சதும் டெவலப்பர் ஆப்ஷனை ஆஃப் பண்ணிடுங்க, பழையபடி திறக்கும். ஆஃப் பண்றது எப்பவுமே நல்லது. டீபக்கிங் ஆன்ல இருக்கிற போனைத் தெரியாத கம்ப்யூட்டர்ல மாட்டக் கூடாது.

சார்ஜ் மட்டும் ஏறுதுன்னா ஒயரைத்தான் சந்தேகப்படணும். பஸ் ஸ்டாண்டுல, ஃபேன்சி கடையில விக்கிற ஒயர் பலதுல கரண்டு போற ரெண்டு கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பி ரெண்டும் இருக்காது. போன் வாங்கும்போது பெட்டியில வந்த ஒயரைத் தேடி எடுங்க.

லினக்ஸ் தம்பி

அண்ணன் சொன்னது சரி. நல்ல ஒயரை மாட்டினதும் போன் லாக் எடுத்த நிலையில இருக்கணும். ‘இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கவா’ன்னு போன் திரையில ஒரு கேள்வி வரும், அதுக்கு ‘அலவ்’ கொடுத்தாத்தான் நகரும். போன் லாக்ல இருந்தா அந்தக் கேள்வியே கண்ணுக்குத் தெரியாது.

ஆறாம் வகுப்பு டீச்சர்

வந்துவிட்டது! பீரோவில் பழைய பில்களோடு கிடந்த ஒயரை எடுத்து மாட்டினேன், அலவ் கொடுத்தேன், லேப்டாப்பில் என் போன் திரை! இன்று மதியம் உணவு இடைவேளையில் எச்.எம். அறையில் வைத்துச் சுவரிலும் காட்டிப் பார்த்துவிட்டேன்.

மூன்று சிக்கல்கள் மிச்சம். ஒன்று, லேப்டாப் பழசு, 2 ஜிபி ரேம். படம் விட்டு விட்டு நகர்கிறது. இரண்டு, வெங்காயத் தோலை லென்ஸ் அருகில் கொண்டுவந்தவுடன் படம் சடாரென்று மாறி ஒரே கலங்கலாகிவிடுகிறது. மூன்று, காட்டிக்கொண்டிருக்கும்போதே என் அக்காவின் வாட்ஸ்அப் செய்தி சுவரில் ஆறடி அகலத்துக்கு வந்தது. பிள்ளைகள் முன்னால் அப்படி நடக்கக் கூடாது.

லினக்ஸ் தம்பி

மூணாவதுதான் சுலபம்: ஏரோப்ளேன் மோட். ஒயர் வழியா வர்ற படத்துக்கு அதனால ஒண்ணும் ஆகாது.

முதல் சிக்கலுக்கு, படத்தோட அளவைக் குறைக்கணும். அந்த ஃபோல்டர்லேயே கட்டளைப் பெட்டியை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, மென்பொருள் பேருக்குப் பின்னால ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் சின்ன எம் எழுத்தும், திரும்ப இடைவெளி விட்டு 1280 அடிங்க. அதுக்கும் திணறினா 1024. பழைய புரொஜெக்டருக்கு அது தாராளம்.

ரெண்டாவதுல போன் தானா கேமராவை மாத்துது. பின்னால மூணு கேமரா இருக்கும் இல்லையா? பொருள் பக்கத்துல வந்ததும் ‘இது மேக்ரோ’ன்னு முடிவு பண்ணி பக்கத்துக் கேமராவுக்குத் தாவிடுது, அது மேல உங்க லென்ஸ் இல்ல. கேமரா செட்டிங்ஸ்ல ஆட்டோ மேக்ரோ இருந்தா ஆஃப் பண்ணுங்க. இல்லைன்னா ‘ஓப்பன் கேமரா’ன்னு இலவச ஆப் இருக்கு, அதுல எந்தக் கேமரான்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ஃபோகஸையும் பூட்டி வைக்கலாம்.

கரிசல் அறிவியல்

டீச்சர், நானும் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர்தான். இந்த லென்ஸ் வேலையை நாலு வருடமாகச் செய்கிறேன். போன் பக்கத்துச் சிக்கலைத் தம்பி தீர்த்துவிட்டார், மேசைப் பக்கம் நான் சொல்கிறேன்.

போனைக் கையில் பிடிக்காதீர்கள். கை நடுக்கம் சுவரில் பூகம்பமாகத் தெரியும். ஒரே உயரமுள்ள இரண்டு சில்வர் டம்ளர்களின் மேல் ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் போன், கேமரா மட்டும் விளிம்புக்கு வெளியே கீழ்நோக்கி. வெங்காயத் தோல் லென்ஸுக்குச் சில மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். உயரத்தைச் சரிசெய்ய நான் பழைய ஏடிஎம் கார்டுகளை அடியில் அடுக்குவேன். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் ஒரு தாள், இரண்டு தாள். லென்ஸைத் திருப்பி வைத்தும் பாருங்கள், ஒரு பக்கத்தில்தான் ஓரம் வரை தெளிவாக வரும்.

வெளிச்சம் மேலிருந்து வேண்டாம், கீழிருந்து வர வேண்டும். ஒளி ஊடுருவும் மிட்டாய் டப்பா மூடிமேல் ஸ்லைடு, அதற்கடியில் டார்ச், டார்ச் வாயில் வெள்ளைத் தாள் ஒன்று. தாள் இல்லாவிட்டால் நடுவில் வெளுத்து ஓரம் இருண்டுவிடும்.

சாயத்துக்கு முதலுதவிப் பெட்டியில் இருக்கும் அயோடின் மருந்தை நீர் கலந்து ஒரு சொட்டு விடுங்கள். செல்லுக்குள் உட்கரு பழுப்புப் புள்ளியாக எழுந்து வரும். சாயமே வேண்டாமென்றால் சிவப்பு வெங்காயச் செதிலின் வெளித்தோலை மெல்லிதாக உரித்து வையுங்கள், அந்த ஊதா நிறம் செல்லுக்குள்ளேயே இருப்பது.

கொஞ்சம் காசு சேர்ந்தால் ஃபோல்ட்ஸ்கோப் பற்றியும் யோசியுங்கள். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2014-இல் வெளியிட்ட, மடித்துச் செய்யும் காகித நுண்ணோக்கி. 140 மடங்கு பெரிதாக்கும், காந்தத்தால் போனிலும் ஒட்டும். ஆனால் செல் பாடத்துக்கு உங்கள் ஹேர்பின் லென்ஸே போதும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஜூமை மாற்றாமல், வெங்காயத் தோலை எடுத்துவிட்டு அதே இடத்தில் பிளாஸ்டிக் ஸ்கேலை வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு மில்லிமீட்டர் கோடுகளுக்கு இடையே சுவரில் எத்தனை சென்டிமீட்டர் வருகிறது என்று பிள்ளைகள் அளக்கட்டும். அது தெரிந்தால் செல்லின் உண்மை நீளத்தை அவர்களே வகுத்துச் சொல்லிவிடுவார்கள். பாடப்புத்தகத்தின் கியூஆர் கோடை திக்‌ஷா ஆப்பில் காட்டினால் நல்ல காணொளிகள் கிடைக்கும். ஆனால் இந்த அளவை நம் கையால் எடுத்தால்தான் உண்டு.

கணக்கு சார்

டாங்கிள் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த ஸ்கேல் வேலையை என் விகித சமம் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா?

கரிசல் அறிவியல்

தாராளமாக, சார். கோட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் இடது விளிம்பு வரை அளக்கச் சொல்லுங்கள். சுவரில் கோடே உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும், எங்கிருந்து எங்கே என்று சொல்லாவிட்டால் ஆளுக்கொரு விடை வரும்.

ஆறாம் வகுப்பு டீச்சர்

இன்று வகுப்பு நடந்தது. விவரமாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலுக்குத் திரை இல்லை. நாலு பிள்ளைகள் வீட்டிலிருந்து போர்வை கொண்டுவந்தார்கள், ஆணியில் மாட்டினோம். 1280 வைத்ததும் படம் தடங்கலில்லாமல் வந்தது. ஓப்பன் கேமராவில் முதன்மைக் கேமராவைப் பூட்டினேன், தாவல் நின்றது. முதலில் சுவரில் வெறும் மஞ்சள் கலங்கல். அடியில் ஒரு தாளை நுழைத்தேன், இரண்டாவது தாளில் கோடுகள் பிறந்தன. வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் “ஓ” என்றது. யாரும் யார் முதுகையும் பார்க்கவில்லை.

ஒரு மாணவியின் அம்மா தையல்காரர். அவள் கொண்டுவந்த தையல் டேப்பால் அளந்தோம். ஒரு மில்லிமீட்டர் சுவரில் 80 செ.மீ. வந்தது. ஐந்து செல்களை அளந்தார்கள். மிகச் சிறியது 18 செ.மீ., மிகப் பெரியது 26. வகுத்தால் 0.225 மி.மீ. முதல் 0.325 மி.மீ. வரை. வகுத்தல் வராது என்று எப்போதும் பின்வரிசையில் உட்காரும் பையன், அப்படியென்றால் சுவர் படம் 800 மடங்கு என்று மற்றவர்களுக்கு முன்னால் சொன்னான். நான் கேட்கவே இல்லை.

இன்னொருத்தி கேட்டாள், “டீச்சர், அந்தப் புள்ளி ஏன் நடுவுல இல்லாம ஓரமாவே ஒட்டிக்கிட்டு இருக்கு?” புத்தகப் படத்தில் இதைக் கேட்டவர்கள் இல்லை. நடுவில் பெரிய நுண்குமிழ் நீரோடு நிறைந்திருப்பதால் உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது என்றேன். அதற்குப் பிறகு எல்லோரும் ஒவ்வொரு செல்லிலும் புள்ளி எந்த ஓரத்தில் என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள், மணி அடித்தது.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: எனக்கு உதவாத அடாப்டரை விட்டால், லேசர் லைட் 40 ரூபாய், டேப் 10 ரூபாய். அடாப்டரையும் வீணாக்கவில்லை. எங்கள் வட்டார வளமையத்தில் ஒரு ஆசிரியரின் போனில் அது வேலை செய்தது, அவருக்கே கொடுத்துவிட்டேன்.

இழையைத் ‘தீர்ந்தது’ என்று மாற்றிவிடுகிறேன். டேட்டா ஒயரில் சிவப்பு நூல் கட்டி, புரொஜெக்டர் பையிலேயே போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை குளத்துத் தண்ணீர் கொண்டுவருகிறார்களாம்.